பானெட்டில் மூன்று வட்டம்

ஜூலை 21, திங்கள்

என் மனைவி சாரதாமணி போய் இன்றோடு பத்தொன்பது நாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நேற்றுதான் மகள் சுகந்தி ஓசூருக்குக் கிளம்பிப் போனாள். வீட்டில் நானும், ஷெட்டில் அடிபட்ட ஃபியட்டும்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் கிடையாது. நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் சங்கிலி இழுத்தவன். அளவுப் புத்தகம் எழுதியதோடு சரி. இப்போது எழுதுவதற்கு ஒரே காரணம் இன்சூரன்ஸ். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று நாளைக்குக் கேட்பார்கள். கையில் எழுத்து இருந்தால் யாரும் நம்மை மிரட்ட முடியாது.

விபத்து நடந்த மூன்றாம் நாளே மாப்பிள்ளை போனில் தகவல் சொல்லிவிட்டார். படிவம்தான் பாக்கி. இன்று பூர்த்தி செய்தேன். தேதி: ஜூலை 3. நேரம்: காலை 9.40. இடம்: சிங்காநல்லூர் சிக்னலுக்கு அப்பால். காய்கறி ஏற்றிய மினி வேன் இடப்பக்கம் உரசியதில் முன் மட்கார்டும் முன் கதவும் நசுங்கின. பயணத்தின் நோக்கம்: மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல்.

‘விபத்துக்குப் பின் நடந்ததைச் சுருக்கமாக எழுதவும்’ என்று நான்கு கோடு விட்டிருக்கிறார்கள். அதைக் காலியாக விட்டுவிட்டேன். அவர்களுக்குத் தேவை வண்டியின் சேதம்தானே.

எனக்கு வேண்டியதையும் எழுதிவைக்கிறேன். அக்டோபர் ஒன்று ஆயுத பூஜை. அதற்குள் வண்டி பழையபடி, அதே நிறத்தில் வாசலில் நிற்க வேண்டும். 1986-ல் ஒரு டாக்டரிடம் வாங்கியதிலிருந்து முப்பத்தொன்பது ஆயுத பூஜைக்கு அவள் கையால் பொட்டு வாங்கிய வண்டி. நசுங்கின கதவோடு நாற்பதாவதுக்கு நிறுத்த எனக்கு மனம் இல்லை. அவளுக்கு நான் செய்ய வேண்டியதில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

ஜூலை 24, வியாழன்

வண்டியைக் கணபதிப் பகுதியில் இருக்கும் அந்தோணிராஜ் பட்டறைக்குக் கொண்டு போனேன். மட்கார்டு டயரில் உரசி வழியெல்லாம் கத்தியது.

கம்பெனி அனுப்பிய சர்வேயர் பதினொரு மணிக்கு வந்தார். ஹேமலதா என்று பெயர், நாற்பது வயதிருக்கும். நானும் சர்வேயர்தான் என்றேன். “நீங்க பூமிக்கு, நான் பொணத்துக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு, என் வீட்டு விஷயம் நினைவுக்கு வந்து முகம் சுருங்கிப் போனார். செத்த வண்டிகளைச் சொல்லியிருக்கிறார். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

வேலை சுத்தம். ஆறு அங்குல இரும்பு ஸ்கேலை வைத்து வைத்துப் படம் எடுத்தார். நசுங்கின இடம் சரி, நசுங்காத இடத்துக்கும் ஸ்கேல். பானெட்டின் முன்பக்கம் மூன்று வட்டமாய் வெளுத்த கறை இருக்கிறது. அதற்கும் ஸ்கேல் வைத்து ஒரு படம். “இது பழசு, விபத்துல வந்ததில்லைன்னு காட்டணுமுங்க” என்றார். கறையை அளக்கிற சர்வேயரை இன்றுதான் பார்த்தேன்.

போகும்போது படிவத்தையும் மருத்துவமனைச் சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“விபத்து ஒம்பது நாப்பதுக்கு. ஆஸ்பத்திரியில சேத்தினது பத்து அஞ்சு. நடுவுல ரெண்டு கிலோமீட்டர்தானுங்களே சார்?”

“ட்ராஃபிக்” என்றேன்.

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு காலியாக இருந்த நான்கு கோட்டில் முதல் கோட்டில் ‘போக்குவரத்து நெரிசல்’ என்று தானே எழுதிக்கொண்டார்.

ஜூலை 27, ஞாயிறு

சுகந்தி போன் செய்தாள். சாப்பாடு, மாத்திரை, தண்ணீர் வந்ததா, எல்லாம் கேட்டாள். வைப்பதற்கு முன், “வேற ஏதாச்சும் சொல்லணுமாப்பா?” என்றாள்.

“வேற ஒண்ணுமில்ல சாமி.”

ஆகஸ்ட் 2, சனி

தட்டி நிமிர்த்தும் வேலை முடிந்தது. தலைவலி இனிமேல்தான். இந்த நிறம் கிடைக்கவில்லை.

பெயின்ட் கடையில் கம்ப்யூட்டர் வைத்து நிறம் பார்க்கிறார்கள். அது ஒரு பச்சையைக் கொடுத்தது. தகட்டில் அடித்துக் கதவருகே வைத்தால் ஆஸ்பத்திரித் திரைச்சீலை மாதிரி இருக்கிறது. நம்பர் பிளேட்டைக் கழற்றினோம். உள்ளே வெயில் படாத இடத்தில் வேறொரு பச்சை, அடர்த்தியாய், எனக்கே அடையாளம் தெரியாதபடி. முப்பத்தொன்பது வருடத்துக்கு முன் நாங்கள் வாங்கிய வண்டி இந்த நிறமா? தினம் பார்க்கிற பொருள் வெளுப்பது நமக்குத் தெரிவதில்லை.

“எந்தக் கலர் சார் வேணும்? பழசா, இப்ப இருக்கறதா?” என்றார் அந்தோணிராஜ்.

“இப்ப இருக்கறது.”

“அது வெயில் குடிச்ச கலருங்க. டப்பாவுல வராது. கண்ணுலதான் கலக்கோணும். நாளாகுமுங்க.”

ஆகஸ்ட் 5

மழை. எங்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

மூன்றாவது மாதிரித் தகடும் ஒத்துவரவில்லை. நிறத்தை வார்த்தையால் சொல்லச் சொன்னார் அந்தோணிராஜ். நான் ‘வெளிர் பச்சையில் சாம்பல் கலந்தது’ என்றேன். தலையைச் சொறிந்தார். சாரதாமணி இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். அவள் சொன்னதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான், ஆனாலும் சொன்னேன். “கொத்தமல்லிச் சட்னியில தேங்காய் தூக்கலாப் போச்சுன்னா ஒரு நிறம் வருமே, அது.”

அவர் முகம் தெளிந்துவிட்டது. “அதை மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா?” என்று கருப்பை ஒதுக்கி வைத்துவிட்டு மஞ்சளை எடுத்தார். நாலாவது தகடு கிட்டத்தட்ட வந்துவிட்டது. கிட்டத்தட்ட என்பது என் தொழிலில் செல்லாது.

ஆகஸ்ட் 12

கொத்தமல்லிச் சட்னி அரைத்தேன். நிறம் வந்தது. ருசி வரவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சுகந்தி. வழக்கமான விசாரிப்பு. வண்டியை விற்றுவிடலாமே என்றாள். கோபம் வந்தது. உங்கம்மா பொட்டு வைத்த வண்டி என்றேன். பிறகு, “வேற ஏதாச்சும் சொல்லணுமாப்பா?” ஒவ்வொரு வாரமும் இதையே கேட்கிறாள். இல்லை என்று சொன்னால் உடனே வைத்துவிடுகிறாள், கோபித்துக்கொண்ட மாதிரி.

ஆகஸ்ட் 18, திங்கள்

கம்பெனியிலிருந்து கடிதம். இடது மட்கார்டு, இடது முன் கதவு, இந்த இரண்டுக்கு மட்டும் பெயின்ட் செலவு கொடுப்பார்களாம். மற்ற பாகங்கள் விபத்தில் சேதமடையவில்லையாம்.

அந்தோணிராஜிடம் காட்டினேன். “ரெண்டுக்கு மட்டும் அடிச்சா ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியுமுங்க. நெழல்ல ஒண்ணா இருக்கும், வெயில்ல காட்டிக்குடுத்துரும். முழு வண்டிக்கும் அடிச்சாத்தான் ஒரே சீராகுமுங்க” என்றார்.

அப்படியானால் முழு வண்டி. நான் கேட்டு வாங்காத நியாயம் கிடையாது. பட்டாக்காரர்கள் வரப்பை நகர்த்திவிட்டு என்னிடம் வாதாடிப் பார்த்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கம்பெனிக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினேன். பழமை வாகனத்துக்கு ஒரே நிறம் என்பது அழகு அல்ல, மதிப்பு. மதிப்பை ஒப்புக்கொண்டுதானே பாலிசி கொடுத்தீர்கள்? பதிவுத் தபால். தபாலாபீசில் வரிசை. எனக்கு முன்னால் நின்ற அம்மா தன் தம்பிக்கு அனுப்பிய ராக்கிக் கயிறு தாமதமாகித் திரும்பி வந்திருந்தது. அதற்கு அவர் போட்ட சண்டையை ரசித்தேன். நியாயத்துக்குச் சண்டை போடுகிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டேனே தவிர, இப்போது படித்தால் பிடிக்கவில்லை. அடித்துத் திருத்தாமல் விடுகிறேன்.

செப்டம்பர் 3, புதன்

ஹேமலதா மறுபடி வந்தார். சரியாகப் பகல் பன்னிரண்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். வண்டியை வெயிலில் நிறுத்தி, மாதிரித் தகடு ஒவ்வொன்றையும் கதவு, மட்கார்டு, கூரை என்று வைத்துக் காட்டினேன். எதுவும் எல்லா இடத்துக்கும் ஒத்துப்போகவில்லை. கூரை ஒரு நிறம் வெளுத்திருக்கிறது, கதவு ஒரு நிறம். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “ஒத்துக்கறனுங்க சார். முழுசாவே எழுதறேன்” என்றார். ஜெயித்துவிட்டேன்.

உடனே, “ஆனா பானெட் தவிர” என்றார். அந்த மூன்று கறை. விபத்துக்கு முன்பே பானெட் கெட்டிருந்தது என்று மேலே கேட்பார்களாம். அதை மட்டும் விட்டுவிடலாம், அது பாட்டுக்குப் பழைய நிறத்தில் இருக்கட்டும் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. முகத்தை விட்டுவிட்டு உடம்புக்கு மட்டும் பூசுவதா? அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதிக் கொடுத்தேன். ‘பானெட்டில் உள்ளவை வெறும் கறை. அவற்றால் வண்டிக்கு எந்த மதிப்பும் இல்லை. தகடு வரை தேய்த்து நீக்கிவிட உரிமையாளருக்குப் பூரண சம்மதம். இப்படிக்கு, ஆ. தெய்வசிகாமணி.’ தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன்.

ஹேமலதா அதைப் படித்துவிட்டு, “கறை எதனாலங்க சார்?” என்று கேட்டார். யாருக்குத் தெரியும், நாற்பது வருட வண்டி என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

முழு வண்டிக்கும் அனுமதி வந்துவிட்டது. பானெட் உள்பட.

செப்டம்பர் 13, சனி

அந்தோணிராஜ் போன் செய்தார். “நாளான்னிக்குத் தேய்க்க ஆரம்பிக்கறனுங்க. பானெட்டையும் தேய்ச்சரட்டுங்களா சார்? ஒருக்கா வந்து பாத்துட்டுப் போனீங்கன்னா நல்லாருக்குமுங்க.”

“பாக்கறதுக்கு என்ன இருக்குது? தேய்ங்க” என்றேன்.

புதுப் பெயின்ட்டைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டாம். காக்கா எச்சம், மாங்காய்ப் பால், எது பட்டாலும் துடைத்தால் போய்விடுமாம். பழைய பெயின்ட் மாதிரி எதையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளாதாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

என் அக்கா வந்திருந்தாள். இந்த வருடம் வீட்டில் எந்தப் பண்டிகையும் கூடாது, ஆயுத பூஜையும் சேர்த்து என்றாள். எனக்குத் தெரியாதா? பொரி வேண்டாம், பூசணிக்காய் வேண்டாம், மாலை வேண்டாம். வண்டிக்கு ஒரு பொட்டு. அதற்கு எந்தத் தீட்டு வந்து தடுக்கிறது?

“வெக்கறவ போயிட்டாளேடா” என்றாள் அக்கா.

மாலையில் சுகந்தியிடம், பொட்டு வைக்க வருகிறாயா என்று போனில் கேட்டேன். வருகிறேன் என்றாள். அந்தக் கேள்வியையும் கேட்டாள். இல்லை சாமி என்றேன்.

செப்டம்பர் 19

சாரதாமணியின் புடவைகளை எடுத்துக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். பீரோவைத் திறந்தேன், மூடினேன்.

செப்டம்பர் 27, சனி

வண்டி வந்துவிட்டது. நாலு நாள் மிச்சம் வைத்து வந்திருக்கிறது. அந்தோணிராஜே ஓட்டிவந்து நிறுத்தினார். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே நிறம். சட்னியேதான். இடது கதவில் கை வைத்துத் தடவினேன், அடிபட்ட இடம் எதுவென்று விரலுக்குத் தெரியவில்லை.

நிறைய நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன், ஒரு வைப்பர் மாட்டவில்லை. போன் செய்து சொன்னேன். தூசி படாமல் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

சுகந்தி காலையில் வந்தாள். குளித்துவிட்டு ஒரு சின்னத் தட்டில் சந்தனமும் குங்குமமும் கரைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் துணியை இழுத்தேன். வண்டி வெயிலில் மின்னியது. அவள் நன்றாக இருக்கிறது என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

விரலில் குங்குமத்தைத் தொட்டு, பானெட் மேல் குனிந்து, அப்படியே நின்றாள்.

“எங்கப்பா வெக்கறது?”

“எப்பவும் வெக்கற எடத்துல வை.”

“அதைத்தான் தேடறேன். அந்த வட்டம் மூணையும் காணமே.”

“எந்த வட்டம்?” என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

குங்குமத்தில் சுண்ணாம்பு உண்டு. வைத்த பொட்டை மூன்று நாளைக்குத் துடைக்கக்கூடாது என்பது சாரதாமணி போட்ட சட்டம். பெயின்ட் கெட்டுவிடும் என்று வருடா வருடம் நான் கத்துவேன். “கெட்டாக் கெடட்டுமுங்க, சாமி காரியம்” என்பாள். முப்பத்தொன்பது வருடம் ஒரே இடத்தில் வைத்து வைத்து, அவள் விரல் அகலத்துக்கு மூன்று வட்டம். சுகந்தி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒவ்வொரு வட்டத்திலும் தன் விரலை வைத்துப் பார்ப்பாளாம். இன்று சொன்னாள். கத்தினவன் நான். அது எதனால் வந்த கறை என்று கேட்டபோது யாருக்குத் தெரியும் என்று சொன்னவனும் நான்தான். எந்த மதிப்பும் இல்லை என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

“நடுவுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. எவ்வளவு தள்ளிப்பா?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. எத்தனை ஊரை அளந்திருக்கிறேன். என் வீட்டு வாசலில் நின்றதை அளக்கவில்லை.

அப்போதுதான் சொன்னேன். அங்கேயே, அவள் விரலில் குங்குமம் காயக் காயச் சொன்னேன். மூன்று மாதமாக இந்த நோட்டில்கூட எழுதாததை இப்போது எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு அது ட்ராஃபிக் இல்லை. நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது, வாயுவாகத்தான் இருக்கும், ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்றாள். பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேன் உரசியது. நான் இறங்கினேன். இன்சூரன்ஸுக்கு வேண்டுமே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன், 9.40. வேன்காரன் சட்டையைப் பிடித்தேன். இந்த நிறம் எங்கேயும் கிடைக்காது தெரியுமா, உன் வண்டியை விற்றாலும் ஈடாகாது என்றெல்லாம் கத்தினேன். கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்தால் எனக்குத் தொண்டை இன்னும் பெரிதாகும். கண்ணாடியை இறக்கி அவள் கூப்பிட்டாள். “ஏனுங்க, போலாமுங்க. பெயின்ட்தானுங்க.” நான், கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன். திரும்பிப் பார்க்காமல் காட்டினேன். மறுபடி ஏறும்போது மணி 9.52. பன்னிரண்டு நிமிடம். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்று ஆஸ்பத்திரி டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

சுகந்தி தட்டை பானெட் மேல் வைத்தாள்.

“தெரியும்ப்பா” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அம்மா எனக்குப் போன் பண்ணாங்க. நீங்க சண்டை போட்டுட்டிருந்தப்பத்தான். வலின்னு ஒரு வார்த்தை சொல்லல. ‘உங்கொப்பா நடுரோட்டுல வேன்காரனுக்குக் கலர் பாடம் எடுத்துட்டு இருக்காரு, நீ நேர்ல பாக்கோணும்’னு சிரிச்சாங்க. ‘பாவம், வண்டியில கோடு விழுந்திருச்சு, ரெண்டு நாளைக்கு அவருக்குச் சோறு எறங்காது’ன்னாங்க. அவ்வளவுதாம்ப்பா. வெச்சுட்டாங்க.”

வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். சாவு வீட்டில்கூட இப்படி அழவில்லை.

“ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை கேட்டேன். சொல்லுவீங்கன்னு கேட்டேன்” என்றாள். மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பொட்டு வைக்கவில்லை. இடம் தெரியாமல் எப்படி வைப்பது? சாப்பிட்டுவிட்டு மதியப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். போகும்போது அவள் அம்மாவின் குங்குமச் சிமிழை ஜன்னலில் எனக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அக்டோபர் 3, வெள்ளி

ஹேமலதாவுக்குப் போன் செய்தேன். கறைக்கு ஸ்கேல் வைத்து எடுத்தாரே, அந்தப் படம் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். “அனுப்பறனுங்க சார்” என்றார்.

அக்டோபர் 7, செவ்வாய்

படம் வந்தது. பூதக்கண்ணாடி வைத்து அளந்தேன். நடு வட்டத்திலிருந்து இடப்பக்கத்து வட்டம் நாலே கால் அங்குலம், வலப்பக்கத்து வட்டம் நாலு அங்குலம். நடுவில் இருப்பது மற்றதைவிட அரை அங்குலம் மேலே. இடது வட்டம் கொஞ்சம் பெரிது. முதலில் அங்கேதான் வைத்திருப்பாள், விரலில் குங்குமம் நிறைய இருந்திருக்கும்.

பானெட்டில் சாக்பீஸால் குறித்தேன். சிமிழைத் திறந்து, இடமிருந்து வலமாக, மூன்று பொட்டும் நானே வைத்தேன். துடைக்கவில்லை.

அக்டோபர் 8

அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 9

இரவு பனி. குங்குமம் லேசாக வழிந்திருக்கிறது. தொடவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

மூன்று நாள் முடிந்தது. காலையில் ஈரத்துணியால் துடைத்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. வெயில் ஏறட்டும் என்று காத்திருந்து, பன்னிரண்டு மணிக்குக் குனிந்து பார்த்தேன், சாய்ந்து பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன். தடமே இல்லை. அந்தோணிராஜ் பொய் சொல்லவில்லை. நல்ல பெயின்ட்.

சுகந்திக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை இல்லையே, என்னப்பா ஆச்சு என்று பதறினாள். வேறு ஏதாவது சொல்லணுமா என்று அவள் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை.

“ஒண்ணுமே புடிக்கல சாமி” என்றேன். “தொடச்சதும் போயிருச்சு.”